ஆளில்லாத கடற்கரை

ஆளில்லாத கடற்கரையில் நேராக நடந்துகொண்டிருக்க வேண்டிய லமீஸ், மறுபடியும் ஸ்கந்தரின் நெஞ்சில் போய் மோதினாள். இருவரின் கண்களையும் மூடியிருந்த கனத்த மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடிகள் டொக்கென்று முட்டிக்கொண்டன.

தடுமாறியவளின் முழங்கையைச் சட்டென்று பிடித்து நிறுத்தினான் அவன். சுற்றி நின்ற ஆராய்ச்சி மாணவர்கள் சிரித்தார்கள். துனிஸ் பல்கலைக்கழகத்தின் அந்தக் கூடத்தில், திட்டத்தை நடத்தும் பேராசிரியை மதாம் ரஷீதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஏண்டா ஸ்கந்தர், உன் புரோகிராம் ஆளுக்கொரு கடற்கரையைக் காட்டி, நேரா நடக்குறதா நம்ப வச்சு, ரெண்டு பேரையும் மோதாம இந்தக் கூடத்துக்குள்ளயே சுத்த விடும்னு சொன்னியே! இது ஜோடி சேர்க்கிற புரோகிராமால்ல இருக்கு!"

மற்றவர்கள் நடந்தபோது ஒருவர்மேல் ஒருவர் உரசக்கூட இல்லை. ஸ்கந்தர் அதைச் சொல்லலாமே? தன் புரோகிராமை யாராவது குறை சொன்னால் மல்லுக்கு நிற்பவன், இன்று கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கம்மென்று நின்றான்.

"நாளைக்கு அமைச்சகத்துல இருந்து வர்றாங்க. அவங்க முன்னாடி யாராவது மண்டையை உடைச்சுக்கிட்டா நான் என்ன பதில் சொல்ல? போதும்ப்பா. இந்தத் திட்டத்தையே மூடிடலாம்."

லமீஸுக்குப் பகீரென்றது. காலையிலிருந்து தலைகால் புரியாமல் ஆடிய ஆட்டம், அவன் உழைப்புக்கே உலை வைத்துவிட்டதே! கண்ணாடியைக் கழற்றினாள். முகம் ஹரிஸா மிளகாய் விழுதாகச் சிவந்திருந்தது.

"மதாம், புரோகிராம் மேல தப்பே இல்ல. நான்தான் என் கண்ணாடியில கடற்கரையை அணைச்சுட்டு, எதிர்ல இருக்கறது அப்படியே தெரியற மாதிரி மாத்தி வச்சேன். வர்றது ஸ்கந்தர்னு தெரிஞ்சேதான்... போய் மோதினேன்."

கூடமே ஓவென்று கூவியது. ஒருத்தி குலவையிட்டாள். இன்னொருவன் மேஜையைத் தட்டிக் கல்யாணப் பாட்டே ஆரம்பித்துவிட்டான். எங்காவது ஓடி ஒளியலாமா என்றிருந்தது லமீஸுக்கு. ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மதாம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவளுக்குத்தான் கொழுப்பு. ஏண்டா, உன் புரோகிராம்ல கோளாறு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

ஸ்கந்தர் மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினான். காது மடல்வரை சிவந்துபோயிருந்தான்.

"என் கண்ணாடியிலயும் கடற்கரை இல்ல, மதாம்."