ஏழாவது கேமராவின் பொட்டு

மாத்தளையில் ஒரு கல்லூரியின் ஏழாவது கேமரா, நூலகத்துக்குப் பின்னாலுள்ள பெஞ்சைப் பார்த்திருந்தது. இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் நிரோஷா அங்கேதான் தனியாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவாள்.

"கேமரா இருக்கிறது நல்லதுதானே. போன் காணாமப் போனா புடிச்சிரலாம்," என்றாள் வகுப்புத் தோழி சுகந்தி.

"நான் சாப்பிடுறத யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்க. எனக்குப் புடிக்கல."

திங்கட்கிழமை முகம் கழுவும்போது கழற்றிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை, வழக்கம்போல் குழாயடிக் கண்ணாடியில் ஒட்டாமல், பெஞ்சில் ஏறிக் கேமராவின் கண்ணாடியில் ஒட்டினாள். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் மனம் உறுத்தியது. காவலாளி செல்லையாவிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதுக்கு வயரே இல்ல மகள். வெறும் கூடு. புள்ளைங்க பயப்படட்டும்னு மாட்டி வச்சாங்க."

பொட்டை எடுத்துவிட மறுபடி பெஞ்சில் ஏறினாள். நகத்தால் சுரண்டினாள். வழவழப்பான கண்ணாடிதான் தட்டுப்பட்டது. பொட்டு கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது.

நிரோஷா இறங்கி ரொட்டியைப் பிரித்தாள். பிறகு, கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.