கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அந்தச் சத்தம் என்னவென்று முதலில் அவளுக்குப் புரியவில்லை.

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தபடி ஆம்புலன்சின் பின்கதவருகே நின்றிருந்தாள். வண்டி ஓட்டும் தங்கப்பழம் அண்ணாச்சி மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தார்.

அப்போதுதான் அவர் கன்னத்தில் அந்தக் கை வந்து விழுந்தது.

அவருடைய தொப்பி மண்ணில் உருண்டது.

"செத்த பொறவு வரலாம்னு இருந்தியால?"

அறைந்தவனுக்கு அண்ணாச்சியின் மகன் வயதுதான் இருக்கும். அவனுடைய அப்பா வேப்பமரத்தடியில் கிடந்தார். பனங்காட்டில் கதண்டுக் குளவிகள் கொட்டியிருந்தன. முகம் வீங்கி, இமைகள் மூடிப்போயிருந்தன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வரும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி, அதுவும் முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி. சைரன் போட்டால் கேட் திறந்துவிடும் என்று நினைப்பவர்களிடம் என்ன சொல்ல? கேட்டை யாரும் போய் அறைவதில்லை.

ஆம்புலன்சில் நோயாளிகளைக் கவனிப்பது அவள் வேலை. இந்த வேலைக்கு வந்தபின் வெட்டுப்பட்ட உடம்பைப் பார்த்திருக்கிறாள். வெந்த உடம்பைப் பார்த்திருக்கிறாள். கூட வேலை பார்ப்பவர் அறை வாங்கிப் பார்த்ததில்லை.

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணாச்சி தொப்பியை எடுக்கவில்லை.

"தலப் பக்கம் நான் புடிக்கேன். நீ கால் பக்கம் புடிம்மா."

பெரியவரை வண்டிக்குள் ஏற்றினார்கள். மகன் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவள் பெரியவரின் தொடையில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் மாட்டினாள். வண்டி கிளம்பியது.

நாடி நூலாக ஓடியது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. உடனே டிரிப் ஏற்றியாக வேண்டும். நரம்போ கைக்கு அகப்படவில்லை.

ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி. சைரன் சத்தத்தில் எந்தக் குரலும் அந்தப் பக்கம் போகாது. கண்ணாடியில் தட்டுவதுதான் அவர்களுக்குள் பேச்சு. ஒருமுறை தட்டினால், மெதுவாகப் போங்கள், ஊசி குத்தப் போகிறேன். இரண்டு முறை தட்டினால், விரட்டுங்கள். விடாமல் தட்டினால் உடனே நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

ஒருமுறை தட்டினாள்.

வண்டி தளர்ந்தது. குழி இருப்பதே தெரியாமல் மெல்ல உருண்டது.

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் மனதில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. அறைந்ததற்குப் பழிவாங்குகிறான். என் அப்பாவைக் கொல்லப் பார்க்கிறான்.

"ஏல, வேகமாப் போல!"

எழுந்து கண்ணாடியில் ஓங்கி ஓங்கித் தட்டினான். அவள் கையில் ஊசி இருந்தது. தடுக்க முடியவில்லை.

வண்டி நின்றது.

நட்டநடு ரோட்டில், கொளுத்தும் வெயிலில், அப்படியே நின்றது.

மகன் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தான். இறங்கினால் இந்தமுறை ஓர் அறையோடு நிற்காது. அண்ணாச்சியை அடித்துப் போட்டுவிட்டால் வண்டியை யார் ஓட்டுவது? பெரியவர் இங்கேயே போய்விடுவார்.

"நீங்கதான் நிப்பாட்டச் சொன்னீங்க!"

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்படித் தட்டுனா நிப்பாட்டணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு. மெதுவாப் போகச் சொன்னது நான். ஆடுற வண்டில நரம்பு எப்படிக் கெடைக்கும்? உக்காருங்க!"

அவன் உட்கார்ந்தான்.

நின்ற வண்டியில் நரம்பு கிடைத்துவிட்டது.

டிரிப் பையை அவன் கையில் கொடுத்து, விடாமல் அமுக்கச் சொன்னாள். அறைந்த கைதான். அமுக்கியது. விடாமல் அமுக்கியது.

கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள்.

வண்டி பறந்தது.

ஆஸ்பத்திரியில் பெரியவரை உள்ளே கொண்டுபோனார்கள். மகனும் கூடவே ஓடினான். அவள் வேலை அத்தோடு முடிந்தது. போயிருக்கலாம். கால் நகரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பிரஷர் ஏறிவிட்டது, குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்றாள்.

கேட்டதும் அவள் வண்டிக்கு ஓடினாள்.

அண்ணாச்சி ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் விரல் தடங்கள் சிவந்து தடித்திருந்தன. தொப்பி அந்த ஊர் மண்ணிலேயே கிடக்கும்.

"பொழச்சிட்டாரு அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்தது. சற்று முன் அறை வாங்கிய முகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபடி துடைக்கக் குனிந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மகன் ஓடிவந்தான். கண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. அண்ணாச்சிக்கு எதிரே வந்து நின்றான்.

கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் சட்டென்று தூக்கினான்.

அண்ணாச்சியின் பிடியிலிருந்து துணி நழுவியது. கண்களை இறுக மூடிக்கொண்டார். முழங்கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது.

அவள் அசையவில்லை. யாரும் அசையவில்லை.

தூக்கிய கைகளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.