சொல்லிவைத்த மழை

“தாத்தா செத்துப்போனது மழைக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் கொள்ளுப்பேத்தி.

வெளியே வெயில் கொளுத்தியது. வண்டி வந்து நெடுநேரமாகியும் மூத்த மகள் அப்பாவைத் தூக்க விடவில்லை.

“மழை வராம தூக்கினா எழுந்து உக்காந்துடுவேன்னு சொல்லியிருக்காருடா. அவர் ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்!”

பெரியவர் பிறந்த அன்று பெரும்புயல். துறைமுகத்துக் கப்பல் கடைத்தெருவுக்கே வந்துவிட்டதாம். உலகப்போர் முடிந்த செய்தி வந்ததும் அன்றைக்குத்தானாம்.

“போரை நிறுத்தினதே நீங்கதானே மாமா?” என்று மருமகன் சீண்டினால், “பின்னே? மழையோட வந்தவன், மழையோடதான் போவேன்” என்பார்.

இப்போது தம்பி கெஞ்சினான். “அக்கா, டிரைவர் கிளம்பறேங்கறான். வானத்துல பொட்டு மேகமில்ல. மழைக்கு நான் எங்க போவேன்?”

“அப்பாவுக்குக் கொடுத்த வாக்குடா. நான் மீற மாட்டேன்.”

மாடியில் குடியிருக்கும் தையல்காரர் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்தபடி வெளியே போனார்.

சற்று நேரத்தில் வாசல் தகரக்கூரை படபடவென்று அதிர்ந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“வந்துடுச்சு! எங்கப்பா சொன்னா சொன்னதுதான்!” அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

“வெயிலும் அடிக்குதேக்கா?”

“அடிச்சா என்ன? அவருக்குக் கோபமும் சிரிப்பும் ஒண்ணாத்தானே வரும்? தூக்குடா!”

பெரியவர் நனைந்தபடி வாசலைத் தாண்டினார். கொள்ளுப்பேத்தி கையை நீட்டிப் பார்த்தாள்.

“அம்மா, மழை சுடுது!”

“சும்மா வாடி. எந்த நேரத்துல எதைப் பேசறது?”

“கடவுளுக்குக் காது கேட்டுடுச்சு” என்று மருமகன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடம் சீண்டியதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். வண்டி தெருமுனையில் திரும்பியது. மழையும் நின்றது.

மொட்டைமாடியில், காலியாகிவிட்ட தண்ணீர்த்தொட்டியின் அருகே, தையல்காரர் ரப்பர் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

“எங்கம்மாவைக் கொண்டுபோன அன்னைக்குக் கொட்டற மழையில, நீங்க நனைஞ்சுக்கிட்டு அவங்களுக்குக் குடை பிடிச்சீங்களே ஐயா... என்னால முடிஞ்ச மழை இவ்வளவுதான்.”