ஸோரனின் இடது கை

மணிக்கட்டுவரை வரைந்தாயிற்று. அங்கே அவள் பென்சில் நின்றுவிட்டது.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அரங்கம் என்பது தில்லைநகரில் ஒரு பேக்கரியின் மாடி. மற்ற நாட்களில் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். இன்று ‘பனிக்கடல் படை’ கார்ட்டூன் தொடரின் திருச்சி ரசிகர்கள் கூடியிருந்தார்கள்.

கார்ட்டூன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அனிமேஷன் காவியம்.

காவியம் போன மாதம் முடிந்தது. கடைசிக் காட்சியில் படைத்தலைவன் ஸோரனும் எதிரி நாட்டு லூமியும் நேருக்கு நேர் நின்றார்கள். பனிப்புயல் வந்து திரையை மூடிவிட்டது.

இருவரும் சேர்ந்தார்களா, பிரிந்தார்களா?

எடுத்தவர்களே கவலைப்படாத இந்தப் பொறுப்பைத் திருச்சி ஏற்றுக்கொண்டது.

வாட்ஸ்அப் குழு சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள் என்று இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் கல்யாணத் தரகர்கள். மறுபக்கம் விவாகரத்து வக்கீல்கள்.

இரு தரப்புக்கும் பொதுவாக மிஞ்சியது அவள்தான். குழுவின் ஓவியர். புயலுக்குப் பிறகு நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் அவள் வரைய வேண்டும். கை கோத்திருந்தால் சேர்ந்தார்கள். இல்லையென்றால் இல்லை. ஆனால் இந்த முறை கை தெரிந்தாக வேண்டும்.

அவள் பனியை வரைவாள். பனியில் சிக்கிய முடியை இழை இழையாக வரைவாள். கண்ணுக்குள் வந்துபோகும் தயக்கத்தைக்கூட வரைந்துவிடுவாள்.

கை வராது.

விரல் என்று போட்டால் வெண்டைக்காய் வரும்.

அதனால் அவளுடைய ஸோரன் எப்போதும் கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டிருப்பான். லூமி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பாள். குளிர்ப் பிரதேசம். யாரும் சந்தேகப்படவில்லை.

ஆராய்ச்சி செய்தார்கள்.

சேர்ப்பவர்களின் தலைவர் இம்மானுவேல் இதைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார். அடிக்குறிப்புகள் உண்டு. கையை மறைக்கிறவன் காதலை மறைக்கிறான் என்பது சாரம். குழுவில் சிலர் அழுததாகத் தெரிவித்தார்கள். அவளுக்கும் படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்போது மறுக்க மனம் வரவில்லை. பிறகு மறுக்க வழியில்லை.

ஒருவன் மட்டும் அதன் கீழே எழுதினான்: “பாஸ், அவங்களுக்குக் கை வரைய வரலையோ என்னமோ.”

பிரிப்பவர்களின் தலைவன், முகுந்தன். ஓவியரை அவமதித்ததற்காக அவனை ஒரு வாரம் குழுவைவிட்டு நீக்கினார்கள்.

அவனை இன்றுதான் நேரில் பார்க்கிறாள். முதல் வரிசை.

“யாரும் பேசாதீங்க” என்றார் இம்மானுவேல். மே மாத வெயிலில் கம்பளி மேலங்கி போட்டு ஸோரனாகவே வந்திருந்தார். ஒட்டுமீசை வியர்வையில் ஒரு பக்கம் தொங்கியது. “மணிக்கட்டுல நிறுத்தியிருக்காங்க பாருங்க. எவ்ளோ ஆழம்! இதுதான் கலை.”

“அக்கா, ரப்பர் வேணுமா?” என்றது பின்வரிசை.

சிரிப்பு.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. பகலெல்லாம் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள் அவள். அங்கே யாரும் அவளை இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. இங்கே அவள் உள்ளே வந்தபோது எழுந்து நின்றார்கள்.

இன்னும் ஒரு கோடு போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள்.

முகுந்தன் தன் முன்னாலிருந்த மேஜைமேல் இடது கையை வைத்தான்.

உள்ளங்கை மேலே. விரல்கள் பாதி மடங்கி. எதையோ பிடித்திருப்பதுபோல.

பார்வை மட்டும் மின்விசிறியில் இருந்தது. சமோசாத் தட்டு வந்தது. வலது கையால் எடுத்துக்கொண்டான். இடது கை அசையவில்லை.

அவள் பார்த்தாள்.

கை கோத்தால் தோற்பது அவன் அணி. அந்த நிபந்தனைக்குத் தலையாட்டியவனே அவன்தான்.

கை அங்கேயே இருந்தது.

பென்சில் நகர்ந்தது. கட்டைவிரலின் மேடு. சுட்டுவிரலின் வளைவு. அதன் கீழே விழுந்த சின்ன நிழல். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. வண்டி ஸ்டாண்டில் நசுங்கியிருக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தாள்.

வெண்டைக்காய் வரவில்லை.

லூமிக்குத் தன் இடது கையையே பார்த்துக்கொண்டாள்.

அவன் கை மேஜையில் இருந்தது. அவள் கை மேடையில். தாளில் மட்டும் கோத்துக்கொண்டன.

சேர்ப்பவர்கள் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள். இம்மானுவேல் மீசை கழன்று விழ அழுதார். பேக்கரிக்காரர் படியேறி வந்து, “யாருக்குப்பா நிச்சயம் ஆயிருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் இறங்கிப் போனார்.

அழுது முடித்ததும் இம்மானுவேல் தாளருகே குனிந்தார்.

“ஒரு நிமிஷம். ஸோரன் நகம் ஏன் கறுப்பா இருக்கு?”

அரங்கம் மறுபடி மூச்சைப் பிடித்தது.

“விஷம்” என்றார் ஒருவர்.

“சாபம்ங்க. மூணாவது பாகத்துல அந்தக் கிழவி விட்டாளே, அது.”

“அப்ப சேர்ந்தும் பிரயோஜனமில்ல. செத்துருவான்.” பிரிப்பவர்கள் பக்கம் கொஞ்சம் உயிர் வந்தது.

இம்மானுவேல் செல்போன் வெளிச்சத்தை நகத்தின்மேல் பிடித்தார். முகத்தில் அடுத்த கட்டுரையின் முதல் வரி ஓடியது.

“நீங்களே சொல்லுங்க மேடம். இதுக்கு என்ன அர்த்தம்?”

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள்.

முகுந்தன் மேஜையிலிருந்து இடது கையை எடுத்தான். பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.