அவர் என்றால்

“அவர் ஒரு நாளும் சிகரெட் பத்தினதில்லை. பின்ன என்னெண்டு எண்பது வயசிலயும் அதே இடுப்பு?”

கேட்டது மனைவி. அவன் காலை மாற்றி ஊன்றினான். முழங்கால் வலித்தது.

லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடை. கையெழுத்து வாங்கும் வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் இன்னும் பதினொரு பேர். பெரும்பாலும் நரைத்த பெண்கள். எல்லாரும் உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள்.

அவன் மனைவியும் பூசியிருந்தாள்.

கலியாணம் கட்டி நாற்பத்தாறு வருடத்தில் இன்றைக்குத்தான்.

வரிசையின் முடிவில், மேசைக்குப் பின்னால், றோய் ஹம்லின் இருந்தார். வெள்ளைச் சட்டை. பக்கவகிடு. யாழ்ப்பாணத்தில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் றேடியோவில் பாடத் தொடங்கியவர். இன்னும் நிறுத்தவில்லை. குடியில்லை, வழக்கில்லை, விவாகரத்தில்லை. மார்கழி பிறந்தால் யேசு பிறப்பைப் பாடும் ஒரு நத்தார்ப் பாட்டு. கூடவே பாட வந்தவர்கள் ஊதிப் பெருத்து, விழுந்தெழும்பி, செத்தும் போனார்கள்.

ஒரு பிழை கிடைக்குமா என்று அவன் வருடக்கணக்காகப் பேப்பர் பார்த்தான்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரனின் வடிவு அவனைச் சுடவில்லை. சுட்டது ஒரு சொல்.

மற்றப் பாடகர்கள் எல்லாரும் அவள் வாயில் ‘அவன்’தான். றோய் ஹம்லின் மட்டும் ‘அவர்’.

ஊரில் அவள் வயதுப் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. ‘அவர்’ என்றால் போதும், கேட்பவருக்கு விளங்கும். அவளும் அவன் பெயரை வாயால் சொன்னதேயில்லை.

போன மாசியில் கனடாவிலிருக்கும் தங்கச்சிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அவருக்கு நெஞ்சில் சளியாம், தனக்கு இரவு முழுக்க நித்திரையில்லையாம். அரை மணித்தியாலத்துக்குள் தங்கச்சியின் பிள்ளைகள் மூன்று பேரும் மாறி மாறி அவனுக்குப் போன் எடுத்தார்கள். அவன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி பிளேன் டிக்கெட் விலையும் பார்த்துவிட்டாளாம்.

சளி றோய் ஹம்லினுக்கு. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு கை கழுவப் போனவன், குழாயைத் திறந்துவிட்டபடி நெடுநேரம் நின்றான்.

வரிசையில் முன்னால் நின்ற கடைசிப் பெண்ணும் விலகினாள்.

றோய் ஹம்லின் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். கிட்டத்தில் பார்த்தால் கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. கிழவர்களிலும் அவர் வடிவான கிழவர்.

பெயர் கேட்டார். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இசைத்தட்டின் உறையில் பிழையில்லாமல் எழுதி, வாசித்தும் காட்டினார்.

யோகமலர்.

அந்தப் பெயரை அவன் ஒருபோதும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை.

றோய் ஹம்லின் நிமிர்ந்தார். பின்னால் நின்றவனைப் பார்த்துப் புன்னகைத்தார். கணவரின் பெயரையும் சேர்த்து எழுதலாமே, என்ன பெயர் என்று அவளிடம் கேட்டார்.

அவள் வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

சால்வையை இழுத்துவிட்டாள். திரும்பி அவனைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கோ என்று கெஞ்சுகிற பார்வை. இவ்வளவு காலமும், எந்த அரசாங்கக் கந்தோரிலும், எந்த ஆசுப்பத்திரியிலும், அவனேதான் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

பேனா உறைக்கு மேலே நின்றது. வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவன் சொல்லவில்லை.

“உம்மட்டத்தானே கேக்கிறார்,” என்றான். பிறகு, இன்னும் தணிந்த குரலில்:

“ஒருக்காச் சொல்லும், யோகம்.”