குடும்பத்துக்கு இரண்டு சீட்

"அவிநாசியப்பன் மேல சத்தியமுங்க மோசஸ். இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது" என்றார் சுப்பையன், சீட் பெல்ட்டை மாட்டியபடி.

மோசஸ் காரைக் கிளப்பினான். ஆபீஸில் ஆறு மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாயிரமாம் ஆண்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் தேதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அண்ணாச்சியின் சத்தியம் எவ்வளவு பெரிதோ, பின்னால் வரும் புளுகு அதைவிட ஒரு முழம் பெரிது என்பது அவன் கண்ட அனுபவம்.

இன்றைக்கு அவர் கார் மெக்கானிக்கிடம் படுத்துவிட்டது. அதனால் கடல் கடந்து வந்து அவர்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து காலேஜ் விளையாட்டு விருது விழாவுக்கு மோசஸ்தான் டிரைவர். பின் சீட்டில் சுப்பையனின் மனைவி கண்மணி, மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலைக்கு மேல் குளிர் கோட்டோடு.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எட்டு காலேஜ் சேர்ந்த கான்ஃபரன்ஸ் ரேஸ். காட்டுக்குள்ள அஞ்சு கிலோமீட்டர். பாப்பாவோட ஒரு ஷூ சேத்துல போயிருச்சு. ஒத்தை ஷூவோட ஓடறா. கூடவே ஒரு மான் ஓடி வருது. மூணாவது கிலோமீட்டர்ல மானுக்கு மூச்சு வாங்கி உக்காந்துருச்சுங்க."

"மானா?"

"கொம்பு வெச்ச மான். பாப்பாதான் ஃபர்ஸ்ட்டு. நடத்துனவங்களுக்குச் சந்தேகம். அவ குடிச்ச மோரை லேபுக்கு அனுப்பிட்டாங்க. இஞ்சி தெரிஞ்சுதாமா, கறிவேப்பிலை தெரிஞ்சுதாமா. பெருங்காயத்துக்கு மட்டும் அந்த மெஷின்ல பேரே இல்லை. டாக்டரு போன் போட்டுக் கேக்கறான், 'இதைக் கார் டேங்க்ல ஊத்தலாமா'ன்னு."

"ஏனுங்க, சும்மா வாங்க" என்றாள் கண்மணி. "மோரு மட்டும் நெசம் தம்பி. மூணு வருசத்துக்கு முன்னால, ஓடிட்டிருந்தவ நம்ம மெயில்பாக்ஸ் பக்கத்துல மயங்கி விழுந்துட்டா. உப்புப் போட்டு ஒரு சொம்பு குடுத்தேன். அதுலேர்ந்து சனிக்கிழமையானா மோர் குடிக்காம போக மாட்டா."

"ஒரே பொண்ணா மதினி?"

"ஒரே பொண்ணுதானுங்க" என்று முன் சீட்டிலிருந்து பதில் வந்தது. கண்மணி கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பேரு என்ன அண்ணாச்சி?"

"ஊருக்கு என்ன பேரோ. எங்களுக்குப் பாப்பா."

ரூட் ஒன்னில் டிராஃபிக் நகரவில்லை. கண்மணி கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து முன்னால் நீட்டினாள். "இன்னொருக்கா படிங்க."

சுப்பையன் ஒன்பதாவது தடவையாகப் படித்துத் தமிழில் சொன்னார். "வருசத்தோட சிறந்த ஓட்டக்காரி. மூணு பேர்ல ஒருத்திக்குக் கிடைக்கும். ஒவ்வொருத்தி குடும்பத்துக்கும் ரெண்டு சீட். ஜெயிக்கறவ குடும்பத்தை மேடைக்குக் கூப்பிடலாம்."

"கூப்பிடலாம்னுதானே போட்டிருக்கு. கூப்பிடணும்னு போடலையே."

"கண்மணி..."

"இல்லீங்க, நெனைச்சுப் பாருங்க. அவ சினேகிதிங்க, வாத்தியாருங்க, அத்தனை பேரு. அவங்க முன்னால இந்தச் சேலையும் மூக்குத்தியுமா நான் போய் நின்னா அவளுக்குக் கூச்சமா இருக்காதா? நாமளும் எதிர்பார்க்கக் கூடாது." அழைப்பிதழைத் திரும்ப வாங்கி மடித்தாள். "ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்."

சுப்பையன் டாஷ்போர்டு டப்பாவைத் திறந்து, மூடினார்.

"என்ன மதினி இப்படிச் சொல்லுதீக! கூப்பிடலைன்னா நான் போய் மைக்கைப் பிடுங்கிருதேன்" என்றான் மோசஸ்.

மண்டபத்தில் அவர்களை முன் மேஜையில் உட்கார வைத்தார்கள். மோசஸுக்குக் கடைசி வரிசையும் ஒரு தட்டு உப்பில்லாத பாஸ்தாவும் கிடைத்தன. விருதுகள் வந்துகொண்டே இருந்தன. நீந்தியவனுக்கு ஒன்று, குண்டு எறிந்தவளுக்கு ஒன்று, வருஷம் முழுக்க எங்கேயும் அடிபடாமல் இருந்ததற்காக ஒருவனுக்கு ஒன்று.

மோசஸ் கூட்டத்தைச் சல்லடை போட்டுத் தேடினான். தூண் ஓரம் ஒல்லியாக, மாநிறமாக ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பாப்பா. அண்ணாச்சியின் அதே மூக்கு.

"வருஷத்தின் சிறந்த ஓட்டக்காரி" என்றார் மைக்கில் இருந்தவர். உறையைக் கிழித்தார். "மேகன் டாய்ல்!"

செம்பட்டை முடியோடு, பனைமர உயரத்தில் ஒருத்தி மேடைக்குத் தாவி ஏறினாள். தூண் ஓரப் பெண் அசையவில்லை.

போச்சு. மோசஸ் பாஸ்தாத் தட்டைத் தள்ளி வைத்தான். முன் மேஜையில் கண்மணி கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைச் சீக்கிரம் கூட்டிப் போய்விடலாம் என்று அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மேடையில் மேகன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "முதல் வருஷ விருந்தில் என் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. மற்ற குடும்பங்கள் கோட்டு போட்டு வைக்க அதைக் கேட்டு வாங்கிப்போனார்கள்." விளக்கு கூசியதால் நெற்றியில் கை வைத்து, கீழே முன் மேஜையைத் தேடினாள். பிறகு மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்து, கண்மணியின் அதே கோபிச்செட்டிப்பாளையத்து ராகத்தில், தமிழில் சொன்னாள்.

"அம்மா, அப்பா, ரெண்டு பேரும் மேல வாங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், சுப்பையனுக்கும் கண்மணிக்கும் பிள்ளை பிறந்ததில்லை.