வா என்று கேட்காத வாசல்

கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரம் இல்லை. இருட்டுகூட இல்லை. பழுப்பேறிய வேட்டி நிறத்தில் ஒரு வெறுமை.

அதில் அண்ணனின் கப்பல் நின்றது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலுத்த கண்கள் மறுபடி அங்கேயே போயின.

இரண்டு சரக்குக் கப்பல்களும் ஒரே நொடியில், விண்வெளியைத் தாண்டவைக்கும் தாவுவாயிலுக்குள் நுழைந்ததால் வந்த வினை. வெளியையே விட்டு வெளியே விழுந்தாயிற்று. யார் முதலில் போவது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கேட்க முடியாது. இருவருக்கும் பேச்சு இல்லை.

பல வருஷம் முன்பு, செவ்வாய்க் கிரகத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தகப்பனார் இறந்த பின் அன்றுதான் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற அண்ணன் இவர் முகத்தையே பார்த்தார். 'வா' என்று சொல்லவில்லை.

'வா' என்று கேட்காத வாசலில் இந்தக் குடும்பத்தார் கால் வைப்பதில்லை. தண்ணீர்கூடத் தொடாமல் அப்போதே திரும்பிவிட்டார்.

எஞ்சின் அறையிலிருந்து மகள் சிகப்பி வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒத்தைக் கப்பலா இங்கேயிருந்து நகர முடியாது, அப்பச்சி. ரெண்டையும் பூட்டி, நீங்களும் பெரியப்பச்சியும் ஒரே அறையில நின்னு விசையை அழுத்தணும். காத்து இன்னிக்குப் பொழுதுக்குத்தான்."

"அவுக கூப்பிடட்டும்."

"மூச்சு நின்னப்புறம் யாரு யாரைக் கூப்பிடுறது?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

அப்போது எதிர்க் கப்பல் அசைந்தது.

மெல்ல வந்தது. ஓர் அதிர்வு. இரண்டு கப்பல்களும் பூட்டிக்கொண்டன.

அவர் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். முதுகை நிமிர்த்தி, இணைப்புக் கதவுக்கு நடந்தார்.

இன்றைக்கு இது என் வாசல்.

நிற்கட்டும். வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

கதவு விலகியது.

அண்ணன் இளைத்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. மூக்கு மட்டும் தகப்பனாரின் மூக்கு.

வரும்வழியில் நினைத்துவைத்தது எல்லாம் எங்கோ போயிற்று.

'வாங்கண்ணே' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

வரவில்லை.

உதடு மட்டும் அசைந்தது.

அன்று கல்யாண வாசலில் அண்ணனின் உதடும் இப்படித்தான் அசைந்தது. ஏளனம் என்று நினைத்தார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"அப்பச்சி..." என்றாள் சிகப்பி, பின்னாலிருந்து.

மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

அண்ணன் உள்ளே வரவில்லை.

திரும்பியும் போகவில்லை.

கதவு நிலையில் தோளைச் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, ஆகிற நேரம் ஆகட்டும் என்பதுபோல நின்றார்.